கடைமடை வறளும்போது: முதுமையில் ரத்த அழுத்தமும் மனச்சோர்வும்

"என் பிரஷரை ஏத்தாதே" என்று ஒருவர் சொன்னால், நம் வீடுகளில் யாரும் பிபி மெஷினைத் தேடி ஓடுவதில்லை. பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோபம், கவலை, மருமகள் மீதான வருத்தம், மகன் அனுப்பாத பணம் என எல்லாவற்றுக்கும் 'பிரஷர்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. எழுத்துத் தமிழும் சளைத்ததல்ல. 'ரத்த அழுத்தம்', 'மன அழுத்தம்' என்று இரண்டையும் ஒரே சொல்லால் முடிந்து வைத்திருக்கிறது. மன அழுத்தம் என்று சிலர் டென்ஷனைச் சொல்கிறார்கள், சிலர் டிப்ரஷனைச் சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்பதால் பின்னதை இங்கே மனச்சோர்வு என்றே குறிப்பிடுகிறேன். வாரக்கணக்கில் விலகாத வெறுமை, பிடித்தவற்றின் மீதே பிடிப்பு விட்டுப்போவது, பசியும் தூக்கமும் குலைவது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஆகியவை அடங்கிய நோய் அது.

இந்தச் சொல் முடிச்சுக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. மனம் கெட்டால் அழுத்தம் ஏறும் என்பதே அது. நடுத்தர வயதுக்காரர்கள் விஷயத்தில் இதில் உண்மை இல்லாமல் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களை வரிசையாக உட்கார வைத்து அளந்து பார்த்தவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு வந்தது.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ராஞ்சோ பெர்னார்டோ என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. ஓய்வுபெற்ற, வசதியான வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் வாழ்ந்த இடம். எலிசபெத் பாரெட்-கானர் என்ற பெண் மருத்துவர் பல ஆண்டுகளாக அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்தார். 1994இல் அவரும் லாரன்ஸ் பாலின்காஸும் சேர்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 60 முதல் 89 வயது வரையிலான ஆண்கள் 846 பேர். யாரும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடாதவர்கள். அளவின் கீழ் எண் 75க்கும் 85க்கும் இடையில் இருந்தவர்களில் மனச்சோர்வு உள்ளவர் என்று சொல்லத்தக்கவர்கள் 1.8 சதவீதம். கீழ் எண் 75க்கும் குறைவாக இருந்தவர்களில் 7.6 சதவீதம். வயதைக் கணக்கில் எடுத்தும், உடல் எடை குறைந்ததைக் கணக்கில் எடுத்தும், இருக்கும் நோய்களைக் கழித்தும் பார்த்தார்கள். வேறுபாடு மறையவில்லை. அழுத்தம் குறைவாக இருந்த கிழவர்களே அதிகம் சோர்ந்திருந்தார்கள்.

இது வெளியான காலத்தில் மருத்துவ உலகில் ஒரு பழைய சண்டை நடந்துகொண்டிருந்தது. குறைந்த ரத்த அழுத்தத்தை ஒரு நோயாகக் கருதி மருந்து எழுதுவது ஜெர்மானிய மருத்துவர்களின் வழக்கம். பிரிட்டிஷ் மருத்துவர்களோ, 'அப்படி ஒரு நோயே கிடையாது, அது ஜெர்மன்காரர்களின் கற்பனை' என்று சிரிப்பார்கள். (நாம் இதில் ஜெர்மனி பக்கம். தலை சுற்றினால் 'லோ பிரஷர்' என்று நாமே முடிவு கட்டி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கலக்குகிறோம்.) ராஞ்சோ பெர்னார்டோ முடிவு இரண்டு தரப்பையும் சங்கடப்படுத்தியது. அழுத்தம் குறைந்தவர்களின் அசதி கற்பனையில்லை. அதே சமயம் அந்த அசதி அழுத்தக் குறைவால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. அது மனச்சோர்வின் அசதியாகவே இருக்கலாம்.

எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது? ஒரே நாளில் இரண்டையும் அளக்கும் ஆய்வு இதற்குப் பதில் சொல்லாது. நார்வே நாட்டில் ஒரு மாவட்டத்தின் வயது வந்தோர் அனைவரையும் அழைத்துப் பல பத்தாண்டுகளாக நடத்தப்படும் 'ஹுண்ட்' ஆய்வு இங்கே உதவியது. அதன் 60,799 பேர் தரவிலும் மிகக் குறைந்த அழுத்தமும் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்பட்டன. 2008இல் அதே குழு, 36,530 பேரின் 11 ஆண்டு விவரங்களை எடுத்துப் பார்த்தது. தொடக்கத்தில் சோர்வும் பதற்றமும் கொண்டிருந்தவர்களுக்குப் 11 ஆண்டு கழித்து அழுத்தம் குறைவாக இருந்தது. கோபத்தில் அழுத்தம் எகிறுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். நாள்பட்ட சோர்வு அழுத்தத்தை மெல்ல இறக்குவதைப் பார்க்கப் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஆதாரமும் கைவசம் இருக்கிறது. 2012இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து, 22,367 பேரின் கணக்கைத் தொகுத்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் ஆபத்து 1.42 மடங்கு என்று தெரிந்தது. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? சோர்ந்த மனிதர் நடப்பதில்லை, புகைக்கிறார், குடிக்கிறார், கிடைத்ததைத் தின்கிறார், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார். நாற்பது வயதில் இவை அழுத்தத்தை ஏற்றும். எண்பது வயதில் அதே சோர்வு பசியை அடைத்து, எடையைக் கரைத்து, ஆளைப் படுக்கையில் கிடத்திவிடுகிறது. போதாததற்கு முதுமையில் அழுத்தத்துக்கே ஓர் இறங்குமுகம் உண்டு. பிரிட்டனில் அறுபது வயதுக்கு மேல் இறந்த 46,634 பேரின் பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டி 2018இல் வெளியான ஆய்வு, மேல் எண் சாவுக்கு 14 முதல் 18 ஆண்டுகளுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்குவதைக் காட்டியது. மாத்திரையே சாப்பிடாதவர்களிடமும் இந்த இறக்கம் இருந்தது.

ஆக, இன்றைக்கு மெஷினில் தெரியும் எண் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஐம்பது வயதில் அது எவ்வளவாக இருந்தது, எத்தனை வருஷம் அப்படி இருந்தது என்று கேட்பதில்தான் பயன் அதிகம். பலரும் தவறவிடும் இடம் இதுவே என்று நினைக்கிறேன். முதியவரின் மூளை, கடந்துவந்த அழுத்தத்தின் தழும்புகளைச் சுமக்கிறது. இன்றைய எண் 130/70 என்று நல்ல பிள்ளையாக இருக்கும். சேதம் இருபது வருஷத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

அந்தச் சேதம் எங்கே நிகழ்கிறது என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஆறு, வாய்க்கால், கண்ணி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வரும் தண்ணீர் கடைசியாக எட்டும் இடம் கடைமடை. மேலே கரை உடைந்தாலும் கடைமடை காயும், மதகு மண்மூடினாலும் கடைமடை காயும், ஆற்றில் வரத்துக் குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான். மூளையின் ஆழத்தில் இருக்கும் வெண்பகுதிக்கும் இதே நிலை. மூளையின் மேற்பரப்பிலிருந்து நீளமாக, கிளையே இல்லாமல் உள்ளிறங்கும் நுண்ணிய தமனிகள்தான் அதற்கு ரத்தம் கொண்டுபோகின்றன. பக்கத்து வாய்க்காலிலிருந்து திருப்பிவிட வழி கிடையாது. பல வருடங்கள் உயர் அழுத்தத்தில் அடிபட்ட இந்தத் தமனிகளின் சுவர் தடித்து, உட்குழி குறுகுகிறது. விரிந்து சுருங்கும் தன்மையும் போய்விடுகிறது. பிறகு அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஈடுகட்ட முடியாமல் வெண்பகுதி பட்டினி கிடக்கிறது. எம்ஆர்ஐ படத்தில் அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். அறுபதைக் கடந்த பலருக்கும் கொஞ்சமாவது இருக்கும். ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற மாற்றங்கள்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள்.

வெண்பகுதி என்பது கம்பிக் கட்டு. நெற்றிப்புற மூளையையும் ஆழத்தில் இருக்கும் உணர்ச்சி மையங்களையும் இணைக்கும் நரம்பிழைகள் அதன் வழியே ஓடுகின்றன. இழை அறுந்தால் இரண்டு முனையும் நன்றாக இருந்தும் பயனில்லை. 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக முதியோர் மனநல மருத்துவர் ஜார்ஜ் அலெக்சோபோலஸும் அவருடைய சகாக்களும் இதை வைத்து ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வில் ஒரு பகுதிக்கு மூளையின் ரத்தக்குழாய்ச் சேதமே காரணம் அல்லது தூண்டுதல் என்றார்கள். ரத்தக்குழாய்வழி மனச்சோர்வு என்று இதைச் சொல்லலாம். அதே ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தின் ரங்கா கிருஷ்ணன் குழுவினர், எம்ஆர்ஐ திட்டுகளைக் கொண்டு இத்தகைய நோயாளிகளைப் பிரித்துக் காட்டினார்கள்.

இந்த வகைச் சோர்வின் முகம் வேறு. நோயாளி அழுவது குறைவு. 'நான் பாவி, எல்லாருக்கும் பாரம்' என்ற குற்றவுணர்வும் அவ்வளவாக இருக்காது. பேச்சும் நடையும் மந்தமாகும், எதிலும் நாட்டம் இருக்காது. வங்கிக்குப் போக வேண்டும் என்று தெரியும். பாஸ்புக்கை எடுத்து, செருப்பை மாட்டி, பஸ் பிடிக்கும் வேலையைக் கோத்துச் செய்ய முடியாது. தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வீட்டார் இதை 'வயசாயிடுச்சு' என்பார்கள், கொஞ்சம் எரிச்சலோடு 'சோம்பேறித்தனம்' என்பார்கள். கண்ணீர் வராத சோர்வை மனச்சோர்வு என்று நம்ப நமக்கு மனம் வருவதில்லை. மாத்திரைகளும் இவர்களிடம் சற்று மெதுவாகவும் குறைவாகவுமே வேலை செய்கின்றன.

இனி மருந்துகளின் மீது விழுந்த பழிக்கு வருவோம். இதில் இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேர் நம் நாட்டு வைத்தியத்தில் பைத்தியத்துக்கும் பாம்புக்கடிக்கும் பயன்பட்டது. பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 1949இல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரை பரவியது. 1954இல் எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அதிக அளவில் நெடுநாள் ரிசர்பின் எடுத்த ஐந்து நோயாளிகள் மனச்சோர்வில் விழுந்ததாக எழுதினார். ஐந்தே பேர். ரிசர்பின் மூளையில் செரடோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களை வற்றச் செய்கிறது என்பதும் அதே காலத்தில் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து, மனச்சோர்வு என்றாலே இந்த வேதிப்பொருள்களின் குறைபாடுதான் என்ற கோட்பாடு எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டு மனநல மருத்துவத்தின் திசையையே தீர்மானித்த கோட்பாடு அது.

வேடிக்கை என்னவென்றால், 1955இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் டேவிஸும் ஷெப்பர்டும் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பின் கொடுத்துச் சோதித்தபோது அவர்கள் தேறினார்கள்! லான்செட் இதழில் வந்த அந்த முடிவை ஏனோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஆதாரங்களைத் திரட்டி ஆராய்ந்தவர்கள் 'ரிசர்பின் மனச்சோர்வு' என்பதையே ஒரு கட்டுக்கதை என்கிறார்கள்.

புரோப்ரனலால் வகையான பீட்டா பிளாக்கர்களுக்கும் இதே கதைதான். 1967இல் ஒரு மருத்துவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய சந்தேகம், பாடப்புத்தகம் வரை ஏறியது. 2002இல் 15 பரிசோதனைகளில் பங்கேற்ற 35,000க்கும் மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் அசதி சற்றே கூடுகிறது, மனச்சோர்வு கூடவில்லை. டென்மார்க்கில் நாட்டு மக்கள் அனைவரின் மருந்துப் பதிவேட்டையும் வைத்து 2020இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பரிசீலித்த 41 ரத்த அழுத்த மருந்துகளில் ஒன்றுகூட மனச்சோர்வைக் கூட்டவில்லை. எனலாப்ரில், ராமிப்ரில், ஆம்லோடிபின், அட்டெனலால் உள்ளிட்ட ஒன்பது மருந்துகளை எடுத்தவர்களிடம் சோர்வு குறைவாகவே இருந்தது. பதிவேட்டு ஆய்வு காரணத்தை நிரூபிக்காது என்பது உண்மை. இருந்தும், 'பிரஷர் மாத்திரை போட்டுப் போட்டு அப்பா இப்படி ஆயிட்டார்' என்று மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நிறுத்தியே பார்த்தவர்களும் இருக்கிறார்கள். முதுமையில் குறைந்த அழுத்தம் சோர்வோடு சேர்ந்து வருகிறதே, மாத்திரையை நிறுத்தி அழுத்தத்தைச் சற்று ஏறவிட்டால் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போய் மனம் தெளியாதா? நியாயமான கேள்வி. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 'டான்டே' என்ற பரிசோதனையில் இதைச் சோதித்தார்கள். 75 வயதைக் கடந்த, நினைவாற்றல் சற்றுத் தளர்ந்த 385 பேர். சீட்டுக் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மாத்திரை நிறுத்தப்பட்டது, மற்றவர்களுக்குத் தொடர்ந்தது. 16 வாரத்தில், நிறுத்தியவர்களின் மேல் எண் மற்றவர்களைவிடச் சுமார் 7 புள்ளி ஏறியது. நினைவாற்றல், மனச்சோர்வு, நாட்டமின்மை எதிலும் மாற்றமில்லை. காய்ந்துபோன கடைமடையில் பயிர் கருகிய பிறகு மதகைத் திறந்தது போலத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 16 வாரம் போதாது என்று வாதிடுவோரும் உண்டு.

எதிர்த்திசையில் நடந்த பெரிய பரிசோதனை அமெரிக்காவின் 'ஸ்பிரின்ட்'. 9,361 பேரில் ஒரு பாதிக்கு மேல் எண் 120க்குக் கீழ், மறுபாதிக்கு 140க்குக் கீழ் என்று இலக்கு வைத்தார்கள். அழுத்தத்தை இவ்வளவு இறக்கினால் முதியவர்கள் துவண்டுபோவார்கள் என்று பலர் பயந்தார்கள். கேள்வித்தாள் வைத்து மனச்சோர்வை அளந்தபோது இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தன. நான்கு ஆண்டுகளில் மூளையின் வெள்ளைத் திட்டுகள் 140 இலக்குக்காரர்களிடம் 1.45 கன சென்டிமீட்டர் வளர்ந்தன, 120 இலக்குக்காரர்களிடம் 0.92. சிறிய வித்தியாசம்தான். நடுவயதிலேயே தொடங்கி இருபது வருஷம் தொடர்ந்தால் அது எவ்வளவாகும் என்பதை வாசகர் யோசித்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வருகிறேன். வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தின் கிராமங்களில் 65 வயதைக் கடந்த 1,000 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. 12.7 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. அதைக் கூட்டும் காரணங்களாக ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்ன பட்டியலைப் பாருங்கள்: இதய நோய், சில நிமிடங்களில் வந்து மறையும் சிறு பக்கவாதம், சர்க்கரை நோய், பழைய தலைக்காயம், குறைந்த வருமானம், பசி. உயர் ரத்த அழுத்தம் தன் பெயரில் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் வாரிசுகள் இருக்கிறார்கள். ஒருவேளைச் சோறு இல்லாததும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓய்வூதியக்காரர்களிடம் இந்தக் காரணம் அகப்பட்டிருக்காது. மனம்விட்டுப் பேச ஆட்கள் இருந்தவர்களுக்கோ சோர்வுக்கான வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இவ்வளவு வலுவான காப்பு எந்த மாத்திரைக்கும் இருப்பதாக நான் படித்ததில்லை.

நாடு முழுதும் நடந்த முதியோர் ஆய்வான 'லாசி'யின் முதல் சுற்றில் (2017–18), 60 வயதைக் கடந்தவர்களில் 32 சதவீதத்தினர் தங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றார்கள். மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொன்னவர்கள் 0.8 சதவீதம். அதே ஆட்களைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டபோது 8.3 சதவீதத்தினருக்குச் சோர்வு இருந்தது. பத்தில் ஒன்பது பேர் கணக்கிலேயே வரவில்லை.

அவர்கள் மருத்துவரிடம் போகாமலும் இல்லை. மாதாமாதம் போகிறார்கள். "கிறுகிறுப்பா இருக்கு", "உடம்புல சத்தே இல்ல", "ராத்திரி தூக்கம் புடிக்கல" என்கிறார்கள். கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் 150 இருக்கும். குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மாத்திரையின் அளவு கூடும். எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று சரியும் பாட்டிக்கு இது ஆபத்து. மூன்று நிமிடம் நிற்க வைத்து மறுபடி அளந்து, மேல் எண் 20 குறைகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உட்கார்ந்தபடி மட்டும் அளப்பதே எங்கும் வழக்கம். கிறுகிறுப்பு கூடுகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாட்டி கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார், திண்ணைக்கு வருவதையும் நிறுத்துகிறார். கணியம்பாடியில் காப்பாகத் தெரிந்த அந்தப் பேச்சுத் துணை போய்விடுகிறது.

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினாலும் கணக்கு முடிவதில்லை. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். வென்லாஃபாக்சின் அதிக அளவில் அழுத்தத்தை ஏற்றும். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை அழுத்தத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானவைதான். ஆனால் அவற்றோடு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரையும் சேர்ந்தால் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம். 'சோடியம் கொறஞ்சு போச்சாம்' என்று ஐசியு வாசலில் நிற்கும் குடும்பங்களை இப்போது எல்லா ஊரிலும் பார்க்க முடிகிறது. இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு சீட்டுகளையும் ஒருவராவது சேர்த்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சேர்த்துப் பார்ப்பது நடக்காத காரியமில்லை. சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் ஒன்றாக உள்ள 404 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்து 2020இல் முடிவு வெளியானது. மனநல மருத்துவர் நேரில் வரவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் சோர்வையும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஒரே ஏட்டில் தொடர்ந்து கவனித்தார். மருத்துவர்கள் அவ்வப்போது அந்த ஏட்டைப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். சோர்வும் பாதியாகி, சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் அந்தத் தரப்பில் 71.6 சதவீதம்; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினர் என்பதால் எண்பது வயதுக்காரர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

முதியவர்களிடம் கேட்பதற்கென்றே 1980களின் தொடக்கத்தில் ஜெரோம் யெசவேஜ் குழுவினர் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. 'ஆம்', 'இல்லை' என்று சொன்னால் போதும். சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள். தூக்கம், வலி போன்ற உடல் தொந்தரவுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், முதுமையில் அவை எல்லாருக்கும் இருப்பவை என்பதால். கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது.

தமிழ்நாட்டில் கேட்பதற்கு ஆளும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மனச்சோர்வு உள்ள நோயாளிகள் சொன்னபடி மருந்து எடுக்காமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு என்று 2000இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அப்படியானால் தன்னார்வலர் பார்க்க வேண்டியது மெஷினை மட்டுமில்லை, போன மாதம் கொடுத்த அட்டையையும்தான். முப்பதில் பதினொன்று அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன பாட்டி, மறந்துட்டீங்களா?"

"மறக்கல கண்ணு. போட்டு என்ன ஆகப்போவுது?"